பாக்ஸ் மாத்தினாங்க, சேனலைக் காணோம்: கேபிள் டிவி கேள்வி பதில்

கேபிள் கம்பெனி வீட்டு செட்டாப் பாக்ஸை மாற்றினாலும் சரி, சேனல்களைச் சேர்த்து அனுப்பும் கன்ட்ரோல் ரூமில் கருவிகளை அப்டேட் செய்தாலும் சரி, அடுத்த சில நாட்களுக்கு லைன்மேன் போன் ஓயாது. "நேத்து வரைக்கும் நல்லா வந்துச்சு, இன்னைக்குக் காணோம்" என்பதுதான் எல்லார் பேச்சும். அதை மட்டும் வைத்து யாராலும் பழுதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதைக் கேபிள் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். எந்தெந்த சேனல் போனது என்று பெயர் பெயராகச் சொன்னால் பாதி வேலை போனிலேயே முடிந்துவிடும். தமிழ்நாட்டுக் கேபிள் இணைப்புகளை மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை.

அப்டேட் ஆன மறுநாளே நிறைய சேனல் காணாமப் போச்சு. முதல்ல என்ன செய்யணும்?

ரிமோட்டில் எந்த செட்டிங்கையும் மாற்றுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, வராத சேனல்களின் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் திரையில் என்ன தெரிகிறது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சில சேனலில் "சிக்னல் இல்லை" என்று வரும், சிலதில் "சந்தா இல்லை" என்று வரும், சிலதில் கருப்புத் திரை மட்டும் இருக்கும். சில சேனல் பட்டியலிலேயே இருக்காது. நான்குக்கும் நான்கு வேறு காரணங்கள்.

இப்போது அந்தத் தாளைப் பாருங்கள். எல்லா சேனலும் போயிருந்தால் வயரிலோ தெருவிலோ கோளாறு. அதே லைனில் இருக்கும் பக்கத்து வீட்டில் கேட்டால் தெரிந்துவிடும். டிடி சேனல்களும் இலவச சேனல்களும் ஓடுகின்றன, கட்டண சேனல்கள் மட்டும் போய்விட்டன என்றால் சந்தா முடிந்திருக்கும், அல்லது புது பாக்ஸுக்கு இன்னும் அனுமதி ஏறியிருக்காது. ஒரே குழுமத்தின் சேனல்கள் மொத்தமாகப் போயிருந்தால் பேக்கேஜிலோ ஒப்பந்தத்திலோ பிரச்சினை. ஒரே ஒரு சேனலை மட்டும் காணோம் என்றால் அது வேறு நம்பருக்குப் போயிருக்கும், பெயர் மாறியிருக்கும், இல்லையென்றால் மூடப்பட்டிருக்கும்.

கடைசியாக ஒரு வகை உண்டு. ஒரு செய்தி சேனல், ஒரு கார்ட்டூன், இரண்டு இந்திப் பாட்டு சேனல், ஒரு பக்தி சேனல் என்று ஒன்றுக்கொன்று ஒட்டும் உறவும் இல்லாத சேனல்கள் கூட்டமாகப் போயிருக்கும். இதைத்தான் பலர் பேக்கேஜ் பிரச்சினை என்று நினைத்து, கூடுதலாகப் பணம் கட்டி ஏமாறுகிறார்கள். பணம் கட்டினாலும் இது சரியாகாது, ஏனென்றால் இது சிக்னல் பிரச்சினை. கீழே விரிவாகச் சொல்கிறேன்.

டிவியில ஆட்டோ டியூனிங் போட்டுப் பார்த்தேன், ஒண்ணும் வரல. ஏன்?

டிவியில் போட்டதால்தான். உங்கள் டிவிக்கு கேபிள் சேனல் எதையும் தெரியாது. பாக்ஸ் அனுப்பும் ஒரே படத்தைக் காட்டுவது மட்டும்தான் அதன் வேலை. தேடலை பாக்ஸின் ரிமோட்டில், பாக்ஸின் மெனுவில் போட வேண்டும்.

மெனுவுக்குள் "இன்ஸ்டலேஷன்" அல்லது "செட்டிங்ஸ்" என்ற இடத்தில் "ஆட்டோ ஸ்கேன்" அல்லது "நெட்வொர்க் சர்ச்" இருக்கும். உள்ளே போக பின் நம்பர் கேட்டால் பெரும்பாலான பாக்ஸ்களில் 0000 அல்லது 1234 வேலை செய்யும். தேடல் சில நிமிடம் ஓடும். இடையில் நிறுத்தாதீர்கள். முடிந்ததும் "சேவ்" கேட்டால் ஆமாம் என்று கொடுங்கள். அதை விட்டுவிட்டு வெளியே வந்தால் பழைய பட்டியலே இருக்கும். "ஸ்கேன் போட்டும் வரல" என்பவர்களில் சிலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

அங்கே முதன்மை அலைவரிசை, சிம்பல் ரேட் என்று எண்கள் இருக்கும். சிம்பல் ரேட் பெரும்பாலும் 6875 என்று இருக்கும். இவற்றை நீங்களாக மாற்ற வேண்டாம். பாக்ஸ் முதலில் அந்த ஒரு அலைவரிசையைப் பிடித்து, மற்ற சேனல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற அட்டவணையை அதிலிருந்துதான் படிக்கிறது. அந்த எண் தப்பானால் தேடலில் எதுவுமே கிடைக்காது. கம்பெனி அந்த அலைவரிசையையே மாற்றியிருந்தால் புது எண்ணை உங்கள் ஆபரேட்டர்தான் சொல்ல வேண்டும்.

ஃபேக்டரி ரீசெட் கொடுத்தா சரியாகிடுமா?

அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரீசெட் கொடுத்தால் பாக்ஸில் இருக்கும் சேனல் பட்டியல் முழுக்க அழிந்துவிடும். சிக்னல் பலவீனமாக இருக்கும் நேரத்தில் அதைச் செய்தால் இருந்த சேனல்களும் திரும்ப ஏறாது. முதலில் பாக்ஸைச் சுவரில் உள்ள பிளக் சுவிட்சில் அணைத்து, ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள். ரிமோட்டில் அணைப்பது வெறும் ஸ்டாண்ட்பை, அது போதாது. அதற்கடுத்து ஸ்கேன். இரண்டுக்கும் பிறகுதான் ரீசெட்.

சம்பந்தமே இல்லாத சேனல்கள் கூட்டமாப் போகுதுன்னு சொன்னீங்களே, அது எப்படி?

பழைய அனலாக் கேபிளில் ஒரு அலைவரிசையில் ஒரு சேனல் வந்தது. டிஜிட்டலில் அப்படி இல்லை. 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே அலைவரிசையில் பத்துப் பதினைந்து சேனல்களை அடுக்கி அனுப்புகிறோம். ஒரே பஸ்ஸில் ஏறிய பயணிகள் மாதிரி, அந்த பஸ் வரவில்லை என்றால் உள்ளே இருக்கும் அத்தனை பேரும் வரமாட்டார்கள். யார் எந்த பஸ்ஸில் ஏறுகிறார்கள் என்பதைக் கன்ட்ரோல் ரூம்தான் முடிவு செய்கிறது. மொழியோ, நிறுவனமோ, விலையோ அதில் கணக்கில்லை. அதனால்தான் ஒரு தமிழ் செய்தியும் ஒரு இந்திப் பாட்டும் சேர்ந்து காணாமல் போகின்றன.

எங்க வீட்டு வயர்ல எதையும் தொடவே இல்லை. அப்டேட்டுக்கு முன்னாடி வந்தது எப்படிப் பின்னாடி வராமப் போகும்?

நியாயமான கேள்வி. போனில் அவசரமாகப் பேசும் லைன்மேன் பெரும்பாலும் இதற்கு விளக்கம் சொல்வதில்லை.

அப்டேட் என்றால் பெரும்பாலும் இரண்டு மாற்றங்கள் நடக்கும். ஒன்று, அதே அலைவரிசையில் இன்னும் அதிக சேனல்களைத் திணிப்பது. 64 க்யூ.ஏ.எம். என்பது சிக்னலில் தகவலை அடுக்கும் ஒரு முறை, அதில் ஒரு அலைவரிசை நொடிக்குச் சுமார் 38 மெகாபிட் சுமக்கும். 256 க்யூ.ஏ.எம். முறைக்கு மாறினால் சுமார் 50 மெகாபிட் சுமக்கும். எச்.டி. சேனல்கள் கூடும்போது கம்பெனிகள் இதற்கு மாறுகின்றன. ஆனால் 256 முறைக்கு சிக்னல் ஏறக்குறைய 6 டெசிபல் (சிக்னலை அளக்கும் அலகு) கூடுதல் சுத்தமாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் இதுவரை தட்டுத் தடுமாறிப் போதுமானதாக இருந்த சிக்னல், மாற்றத்துக்குப் பிறகு போதாமல் போகிறது. வயர் மாறவில்லை, வயரிடம் கேட்கப்படும் வேலை கூடிவிட்டது.

இரண்டாவது, புதுச் சேனல்களை மேல் அலைவரிசைகளில், 700, 800 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வைப்பது. கேபிள் வயரில் அலைவரிசை ஏற ஏற இழப்பும் ஏறும். வீடுகளுக்கு இழுக்கும் ஆர்ஜி 6 வகை வயர் 100 மீட்டரில் 100 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் ஆறேழு டெசிபல் இழந்தால், 860 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் 20 டெசிபலை ஒட்டி இழக்கும். தெருக் கம்பத்திலிருந்து நீளமாக வயர் இழுத்த வீடுகளில் மேல் அலைவரிசைச் சேனல்கள்தான் முதலில் போகும். தெருவில் 550 மெகாஹெர்ட்ஸ் வரைக்குமே வடிவமைத்த பழைய ஆம்ப்ளிஃபயர் (சிக்னலைப் பெருக்கும் கருவி) இருந்தால் அதற்கு மேல் வருவது எதுவும் ஒழுங்காகக் கடக்காது. அது ஆபரேட்டர் மாற்ற வேண்டிய பொருள். உங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதே சேனல்கள் போயிருக்கின்றனவா என்று கேட்டுச் சொன்னால் அவர் நேராக ஆம்ப்ளிஃபயருக்கே போவார், உங்கள் வீட்டு வாசலில் நேரத்தைக் கழிக்க மாட்டார்.

சிக்னல் எவ்வளவு வருதுன்னு நானே பார்க்க முடியுமா?

பார்க்கலாம். பாக்ஸ் மெனுவில் "சிக்னல் இன்ஃபோ" அல்லது "சிஸ்டம் ஸ்டேட்டஸ்" என்ற பக்கத்தில் இரண்டு பட்டைகள் இருக்கும். ஒன்று வலிமை, மற்றொன்று தரம். நீங்கள் பார்க்க வேண்டியது தரம். வலிமை நிறைய இருந்து தரம் குறைவாக இருந்தால் சிக்னலோடு இரைச்சலும் வருகிறது என்று பொருள். அப்போது வீட்டுக்குள் ஒரு பூஸ்டர் வாங்கி வைத்தால் இரைச்சலும் சேர்ந்து பெருகும், நிலைமை மோசமாகும்.

நன்றாக ஓடும் ஒரு சேனலில் இந்தப் பக்கத்தைத் திறந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு வராத சேனலில் திறந்து பாருங்கள். சில பாக்ஸ்களில் அந்தச் சேனலின் அலைவரிசையும் அங்கேயே தெரியும். வராதவை எல்லாம் ஒரே அலைவரிசை எண்ணைக் காட்டினால் காரணம் உறுதியாகிவிட்டது. அந்த எண்ணை லைன்மேனிடம் சொல்லுங்கள், அவரிடம் இருக்கும் மீட்டரில் நேராக அந்த எண்ணைப் போட்டுப் பார்ப்பார்.

வீட்டுக்குள்ள எதைப் பார்க்கணும்?

பாக்ஸின் பின்பக்கம் வயர் சேரும் இடத்தில் எஃப் கனெக்டர் இருக்கும். அதைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். நடுவில் நிற்கும் செம்புக் கம்பி பளபளவென்று நேராக இருக்க வேண்டும், கனெக்டரின் விளிம்பை ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் தாண்டி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கறுத்தோ பச்சை பிடித்தோ இருந்தால் அங்கே ஈரம் இறங்கியிருக்கிறது. உள்ளே ஒடுங்கிப் போயிருந்தால் பாக்ஸைத் தொடுவதே இல்லை. சுற்றியுள்ள வெள்ளி நிறக் கம்பி வலையில் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் போதும், சில அலைவரிசைகள் போய்விடும். கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும், ஆனால் பாதி சேனல் வராது. நுனியை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போடுவது சில நிமிட வேலை, சில ரூபாய்ச் செலவு. புது பாக்ஸ் மாட்ட வருபவரிடம் "கனெக்டரையும் மாத்திடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். கேட்டால் செய்வார்கள்.

அடுத்து, வழியில் இருக்கும் ஜாயின்ட்டுகள். இரண்டு வயரைச் சீவி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட் அனலாக் காலத்தில் ஓடியது. டிஜிட்டலில் அது ஓட்டைதான். சிக்னல் அதன் வழியாக வெளியேறும், வெளியே இருக்கும் இரைச்சல் உள்ளே வரும். செல்போன் சேவைகள் 700, 850 மெகாஹெர்ட்ஸ் பக்கமும் இயங்குகின்றன. கேபிளின் மேல் அலைவரிசைகளும் அதே பக்கம்தான். டவர் பக்கத்தில் இருக்கும் வீட்டில் தளர்வான ஜாயின்ட் இருந்தால் செல்போன் அலை நேராகக் கேபிளுக்குள் புகுந்துவிடும்.

பிறகு ஸ்ப்ளிட்டர். இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு பக்கமும் மூன்றரை, நான்கு டெசிபல் தின்னும். நான்காகப் பிரிப்பது ஏழெட்டு டெசிபல் தின்னும். ஒரு காலத்தில் மூன்று அறையில் டிவி இருந்து, இப்போது ஒன்றுதான் ஓடுகிறது, ஆனால் ஸ்ப்ளிட்டர் மட்டும் பரண் மேல் அப்படியே இருக்கிறது என்ற வீடுகள் நிறைய. அதைக் கழற்றி, வயரை நேராகச் சேர்த்தால் காணாமல் போன கூட்டம் திரும்பிவிடும். அதை ஸ்கேன் போடுவதற்கு முன் செய்யுங்கள்.

ஒரே வீட்டில் இரண்டு பாக்ஸ் இருந்து, ஒன்றில் மட்டும் சேனல் வரவில்லை என்றால் இரண்டையும் இடம் மாற்றி மாட்டிப் பாருங்கள். கோளாறு பாக்ஸோடு போகிறதா, வயரோடு நிற்கிறதா என்று அப்போதே தெரியும். ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனிச் சந்தா என்பதையும் நினைவில் வையுங்கள்.

மழை பெஞ்சா போகுது, வெயில் அடிச்சா வருது.

மழை மேகத்தால் பாதிக்கப்படுவது டிடிஎச் டிஷ். கேபிளில் மழைக்குப் போனால் எங்கோ ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்குகிறது. வெயிலில் காய்ந்து தானாகச் சரியாகும், அடுத்த மழைக்கு மறுபடி போகும், ஒவ்வொரு முறையும் செம்பு இன்னும் கொஞ்சம் அரிக்கும். காய்ந்த பிறகு லைன்மேன் வந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். அதனால் மழை விட்ட உடனே கூப்பிடுங்கள், கட்டம் கட்டமாக உடையும் படத்தை போனில் வீடியோ எடுத்து வையுங்கள். கம்பத்திலிருந்து வீட்டுக்குள் நுழையும் இடத்தில் வயர் கீழே தொங்கி வளைந்து மேலேறினால் மழை நீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். நேராகச் சுவருக்குள் இறங்கினால் தண்ணீரும் கூடவே இறங்கும்.

சில சேனல்ல சத்தம் மட்டும் வருது, படம் இல்லை.

பழைய பாக்ஸாக இருந்தால் இதற்குத் தீர்வு பாக்ஸை மாற்றுவதுதான். ஆரம்பத்தில் வந்த பல பாக்ஸ்கள் எம்பெக் 2 முறையில் சுருக்கிய படத்தை மட்டும் விரிக்கத் தெரிந்தவை. கம்பெனி சேனல்களை எம்பெக் 4 முறைக்கு மாற்றும்போது, அந்த பாக்ஸ் ஒலியைப் பிடிக்கும், படத்தை விரிக்க முடியாது. ஸ்கேனோ ரீசெட்டோ இதற்கு உதவாது.

"சந்தா இல்லை"ன்னு வருது. ஆனா இந்த மாசம் பணம் கட்டிட்டேன்.

பணம் ஆபரேட்டரிடம் போயிருக்கும், அனுமதி உங்கள் பாக்ஸுக்கு வந்திருக்காது. இரண்டும் தனித்தனி வேலைகள். ஒவ்வொரு பாக்ஸுக்கும் ஒரு எண் உண்டு, பாக்ஸின் அடியிலோ ஸ்மார்ட் கார்டிலோ அச்சிட்டிருக்கும். எந்தெந்த சேனல் திறக்க வேண்டும் என்ற உத்தரவை கன்ட்ரோல் ரூம் அந்த எண்ணுக்கு, கேபிள் வழியாகவே அனுப்புகிறது. அந்த நேரத்தில் பாக்ஸ் அணைந்திருந்தால் உத்தரவு ஏறாது. பாக்ஸ் மாற்றும் வாரங்களில் பழைய எண்ணில் இருந்த பேக்கேஜ் புது எண்ணுக்கு மாற்றப்படாமல் விட்டுப்போவதும் உண்டு.

ஆபரேட்டருக்குப் போன் செய்து, பாக்ஸ் எண்ணை வாசித்து, "மறுபடி ஆக்டிவேஷன் அனுப்புங்க" என்று கேளுங்கள். வராத சேனல் ஒன்றில் வைத்து பாக்ஸை அரை மணி நேரம் ஓட விடுங்கள், அதுவரை அணைக்கவோ சேனல் மாற்றவோ வேண்டாம். ஸ்மார்ட் கார்டு பாக்ஸ் என்றால் கார்டை எடுத்து, சிப் பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்து, திரும்பச் செருகுங்கள். புது பாக்ஸில் பழைய கார்டைப் போட்டால் ஓடாது, கார்டும் பாக்ஸும் ஜோடி சேர்த்துப் பதிந்தவை.

ஒரே கம்பெனி சேனல்கள் மட்டும் மொத்தமாப் போச்சு.

முதலில் உங்கள் பேக்கேஜைப் பாருங்கள். அப்டேட்டோடு பேக்கேஜ் பெயர்களையும் மாற்றுவது வழக்கம். பழைய பேக்கேஜில் இருந்த ஒரு குழுமத்தின் தொகுப்பு புதியதில் இல்லாமல் போகலாம். பட்டியலை எழுத்தில் கேளுங்கள்.

பேக்கேஜில் இருந்தும் வரவில்லை என்றால் சேனல் நிறுவனத்துக்கும் கேபிள் கம்பெனிக்கும் இடையே ஒப்பந்தத் தகராறாக இருக்கலாம். 2023 பிப்ரவரியில் நாடு முழுக்க இது நடந்தது. புதிய விலைக்கு ஒப்பந்தம் போடாத கேபிள் கம்பெனிகளுக்கு ஸ்டார், ஜீ, சோனி நிறுவனங்கள் சிக்னலை நிறுத்தின, கோடிக்கணக்கான வீடுகளில் சேனல்கள் போயின, பேச்சுவார்த்தைக்குப் பிறகு திரும்பின. அப்படிப்பட்ட நேரத்தில் உங்கள் வீட்டு வயரைத் தொட வேண்டியதே இல்லை.

பொதிகை சேனலைக் காணோம்.

அது இருக்கிறது. 2024 ஜனவரியில் டிடி பொதிகை "டிடி தமிழ்" என்று பெயர் மாறியது. பட்டியலில் அந்தப் பெயரில் தேடுங்கள். ஆங்கிலப் படம் பார்ப்பவர்கள் எச்.பி.ஓ. எங்கே என்று இன்னும் கேட்கிறார்கள். அது 2020 டிசம்பர் 15 அன்று இந்தியாவில் நிறுத்தப்பட்டது. ஏ.எக்ஸ்.என். அதே ஆண்டு ஜூனோடு நின்றது. பழைய பாக்ஸின் பட்டியலில் இப்படிச் செத்துப்போன பெயர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். புது பாக்ஸ் வந்ததும் பெயரே மறையும்போதுதான் "போய்விட்டது" என்று தோன்றும்.

சேனல் நம்பர் எல்லாம் மாறிடுச்சு. அம்மாவால தேட முடியல.

இதை யாரும் பெரிய பிரச்சினையாக எடுத்துக்கொள்வதில்லை. என்னைக் கேட்டால் அப்டேட்டில் பெரியவர்களுக்கு நேரும் முக்கியத் தொல்லை இதுதான். எழுத்து சரியாகத் தெரியாதவர்கள் நம்பரை விரல் பழக்கத்தில் வைத்திருக்கிறார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2017 விதிகளின்படி ஒரு சேனலுக்குக் கொடுத்த நம்பரை ஓராண்டுக்குள் ஆணையத்தின் முன் அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது, ஒரே வகைச் சேனல்களை மொழிவாரியாக ஒன்றாக அடுக்க வேண்டும். அடிக்கடி மாறினால் இதைச் சொல்லிக் கேட்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியது: பாக்ஸ் ரிமோட்டில் "ஃபேவரிட்" பட்டன் இருக்கும். அம்மா பார்க்கும் சேனல்களை மட்டும் அதில் சேர்த்துவிட்டால் மேல் கீழ் பட்டனிலேயே சுற்றி வரலாம். ஸ்கேன் அல்லது ரீசெட் போட்டால் இந்தப் பட்டியல் அழியலாம், அழிந்தால் திரும்பச் சேர்க்க வேண்டும். கூடவே புது நம்பர்களைப் பெரிய எழுத்தில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

எச்.டி. பாக்ஸ் போட்டும் படம் பழைய மாதிரியே இருக்கு.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை உள்ள ஏ.வி. வயரில் எச்.டி. படம் வராது. எச்.டி.எம்.ஐ. வயரில் மாட்டி, டிவி ரிமோட்டில் சோர்ஸை அந்த எச்.டி.எம்.ஐ. எண்ணுக்கு மாற்றுங்கள். அடுத்து, எச்.டி. சேனல் என்பது தனிச் சேனல், தனி நம்பர், தனி விலை. பாக்ஸ் மாறியதால் மட்டும் சாதா சேனல் எச்.டி. ஆகாது. முன்பு மாதாந்திர இணைப்புக் கட்டணத்துக்கு சேனல்களை எண்ணும்போது ஒரு எச்.டி. சேனல் இரண்டு சாதா சேனலாகக் கணக்கு வைக்கப்பட்டது, இப்போது எப்படி என்று கேட்டுக்கொண்டு பேக்கேஜ் பேசுங்கள்.

ஸ்மார்ட் டிவியில கேபிள் வயரை நேராச் சொருகினா வருமா?

வராது. இந்தியாவில் கேபிள் சேனல்கள் பூட்டிய நிலையில்தான் அனுப்பப்பட வேண்டும் என்பது சட்டம். இந்த முறைக்கு மாறச் சென்னைக்கு 2012 இறுதியும், சிறு ஊர்கள், கிராமங்கள் வரையிலான கடைசிக் கட்டத்துக்கு 2017 மார்ச்சும் கெடுவாக வைக்கப்பட்டன. பூட்டைத் திறக்க பாக்ஸ் வேண்டும்.

ஆபரேட்டர் "வர்றேன், வர்றேன்"னு சொல்றார், வரல. யார்கிட்ட புகார் சொல்றது?

உங்கள் தெரு ஆபரேட்டர் வேறு, அவருக்கு சிக்னல் தரும் பெரிய கம்பெனி வேறு. அரசு கேபிள் என்றால் அந்தப் பெரிய கம்பெனி அரசு நிறுவனமே. அதன் வாடிக்கையாளர் சேவை எண்ணில் புகாரைப் பதிந்து, புகார் எண்ணை வாங்குங்கள். எண் இல்லாத புகார் பின்னால் எங்கும் செல்லாது. டிராயின் 2017 சேவைத் தர விதிகள் சிக்னல் இல்லை என்ற புகாரை 24 மணி நேரத்திலும், பில் சம்பந்தமில்லாத மற்றப் புகார்களை 72 மணி நேரத்திலும் தீர்க்க வேண்டும் என்கின்றன. பலனில்லை என்றால் கம்பெனியில் தீராத புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள், அவர் பெயரும் முகவரியும் கம்பெனி இணையதளத்தில் இருக்க வேண்டும். அதற்கும் மேலே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. தனி மனிதரின் புகாரை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை, அதனால் முதலிலேயே அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம்.

தெரு ஆபரேட்டரைப் பகைத்துக்கொண்டு இதைச் செய்யத் தேவையில்லை. பல நேரம் அவருக்கே மேலிருந்து பதில் கிடைப்பதில்லை. நீங்கள் வாங்கிய புகார் எண் அவருக்கும் உதவும்.

போன்ல எப்படிச் சொன்னா வேலை சீக்கிரம் நடக்கும்?

இப்படி: "தம்பி, பாக்ஸ் நம்பர் சொல்றேன், எழுதிக்கோங்க. செவ்வாய்க்கிழமை ராத்திரி அப்டேட் ஆச்சு, புதன் காலையிலேருந்து இந்த ஏழு சேனல் வரல. திரையில சிக்னல் இல்லைன்னு வருது. மத்ததெல்லாம் நல்லா ஓடுது. பக்கத்து வீட்லயும் இதே ஏழுதான் இல்ல. ஸ்கேன் போட்டாச்சு, ஸ்ப்ளிட்டர் கழட்டியாச்சு." இதைக் கேட்ட லைன்மேனுக்கு எந்தக் கருவியை எடுத்துக்கொண்டு எங்கே வர வேண்டும் என்று தெரிந்துவிடும்.

பழைய பாக்ஸை என்ன பண்றது?

புது பாக்ஸில் உங்கள் சேனல் அத்தனையும் வரும் வரை அதைக் கொடுக்காதீர்கள். பிறகு திருப்பிக் கொடுக்கும்போது அதன் எண்ணை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அரசு கேபிள் 2017 முதல் கொடுத்துவந்த இலவச பாக்ஸ் போன்றவை உங்கள் வீட்டில் இருந்தாலும் நிறுவனத்துக்குச் சொந்தமானவை, இணைப்பை மாற்றினால் திருப்பிக் கேட்பார்கள். சொந்தப் பணத்தில் வாங்கிய பாக்ஸ் என்றால் பில்லைத் தேடி எடுத்து வையுங்கள். டெபாசிட் கட்டியிருந்தால் அதையும் அப்போதே கேளுங்கள்.